நீர் வடிந்த பிறகு

அக்காவுக்குக் காலில் சக்கரம். பள்ளி வேன் ஓட்டுகிறவள். விடுமுறை முடிவதற்குள் தன் கிட்னியில் ஒன்றைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, பள்ளி திறக்கும்போது மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்துவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தாள். மற்ற பரிசோதனைகள் எல்லாம் முடிந்துவிட்டன. பாக்கி தம்பியின் இதய ஸ்கேன்தான். அதற்கு நாள் தள்ளிப்போகும் என்றார்கள். விடுவாளா? வரவேற்பு மேஜையில் கெஞ்சிக் கூத்தாடி, யாரோ ரத்து செய்த திங்கட்கிழமை காலை நேரத்தைப் பிடித்துவிட்டாள்.

"உனக்கு இதயம் இருக்கான்னு பாக்கப்போறாங்களாம்டா. என் சைக்கிளைத் திருடி வித்தவனுக்கு அது எங்க இருக்கும்?"

"இல்லன்னா அதையும் உங்கிட்டயே வாங்கிக்கறேன்."

சிரித்த வாயை மூடுமுன் தம்பிக்கு மூச்சு வாங்கியது.

இருட்டறையில் அவனை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவினார்கள். திரையில் இதயம், கரையில் போட்ட மீனின் வாய்போலத் திறந்து மூடியது.

டாக்டரம்மா படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இதயம் வீங்கியிருக்கு. பம்பிங் ரொம்பக் கம்மி. இப்படி இருந்தா ஆபரேஷனுக்கு மயக்கமருந்து கொடுக்க முடியாதும்மா. கடைசியா டயாலிசிஸ் எப்ப?"

"வெள்ளிக்கிழமை. அடுத்தது இன்னிக்கு மத்தியானம்."

"உடம்பு முழுக்கத் தண்ணி தேங்கி நிக்கறப்ப எடுத்தீங்களா? டயாலிசிஸ் முடிஞ்ச மறுநாள் எடுத்தாத்தானே உண்மையான அளவு தெரியும்! யார் இவ்வளவு அவசரப்பட்டது?"

"நான்தான்!" என்றாள் அக்கா, பரிசு வாங்குகிறவள் மாதிரி. திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டது அவள் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. தப்பு தன்மேல் என்றால் தம்பியின் நெஞ்சில் குறையில்லை.

வெளியே வந்ததும், "அவசரக்குடுக்கை, ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கலையா?" என்றான் தம்பி.

"இன்னும் நல்லா திட்டுடா" என்றாள்.

மத்தியானம் இயந்திரம் அவன் உடம்பிலிருந்த நீரை இறக்கியது. கால் வீக்கம் வற்றியது. மறுநாள் அதே அறை, அதே பசை. அக்கா கண் கொட்டாமல் திரையைப் பார்த்தாள்.

டாக்டரம்மா இந்த முறை உட்காரச் சொன்னார். "வீக்கம் குறைஞ்சிருக்கு. பம்பிங் கொஞ்சம்தான் ஏறியிருக்கு. இது தண்ணியால வந்தது மட்டுமில்ல, தசையே தளர்ந்திருக்கு. இப்ப ஆபரேஷன் வேண்டாம். மருந்து தரேன். சில மாசம் கழிச்சு மறுபடி பாப்போம்."

"அப்ப ஏறிடுமா?"

"ஏறலாம். சொல்ல முடியாது."

நடைபாதையில் அக்கா அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

"தண்ணி இன்னும் முழுசா இறங்கியிருக்காதுடா. ஒரே நாள்தானே ஆச்சு. இன்னும் ரெண்டு தடவை டயாலிசிஸ் முடிச்சுட்டு வந்திருக்கணும். மறுபடியும் நான்தான் அவசரப்பட்டு..."

தம்பி அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"உம்மேல தப்பில்லக்கா."

அக்கா அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதாள்.