காஸ்பர் எடுத்த காஸ்பர்

செஞ்சிக் கடைத்தெருவில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த காஸ்பர், கல்யாணமான வருஷத்திலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கோட்டை மதிலோரம் நின்று தன்னைத் தானே படம் எடுத்துக்கொள்வார். கேமராவில் கட்டிய நூலை இழுத்தால் போதும்.

அவருக்கு அறுபத்தைந்து வயதானபோது மனைவி லூர்துமேரிக்கு மறதி முற்றிவிட்டது. ஒரு நாள் காலையில் அவரையே பார்த்து, "நீங்க யாரு? எங்க வூட்டுக்காரரு ஸ்டுடியோவுக்குப் போயிருக்காரு" என்றாள்.

காஸ்பர் பதறிப்போய்ப் படங்களைக் கட்டிலில் வரிசையாகப் பரப்பினார். "பாரு மேரி, எல்லாம் நான்தான்."

இளவயதுப் படங்களை அவள் ஆசையாகத் தடவினாள். முடி நரைத்த படம் வந்ததும் கையை எடுத்துக்கொண்டாள். "இவரு வேற யாரோ."

மறுநாள் அவர் தலைக்குக் கருப்புச் சாயம் பூசி, கல்யாணத்துக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, அதே மதிலோரம் நின்று படம் எடுத்தார். கழுவி, ஈரம் காய்வதற்குள் கொண்டுவந்து காட்டினார். அவள் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சட்டென்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றாள்.

"நீங்க அவரோட நைனாவா? ஒக்காருங்க மாமா. அவரு இன்னும் வர்லியே, இன்னா ஆச்சோ தெரியல."

காஸ்பர் கட்டில் ஓரமாக உட்கார்ந்தார்.

"வந்துடுவான்மா" என்றார்.