கை நனைத்த ஊர்

பார்த்த மாத்திரத்திலேயே கஜேந்திரனுக்கு அந்த ஊரைப் பிடிக்காமல் போய்விட்டது. ஊர் ஒரு குற்றமும் செய்யவில்லை. வளைவு திரும்பியதும் பனிமூட்டம் விலகி, ஒரே ஒரு கடைத்தெருவும் நீலத் தகரக் கூரைகளும் வேலியெல்லாம் பூவுமாக எதிரே வந்து நின்றது, அவ்வளவுதான். ஆனால் ஆட்டோவின் பின்சீட்டிலிருந்து கிருஷாந்தி, "ஐயோ, என்னா அழகு!" என்றுவிட்டாள். அந்த வார்த்தையை அவன் தன் ஊரான அக்கரப்பத்தனைக்காக ஒதுக்கி வைத்திருந்தான்.

மாப்பிள்ளை வீடு பார்க்கும் நாள் அது. பையனைப் பிடித்திருக்கிறது, ஊரைப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொல்வேன் என்று கிருஷாந்தி சொல்லியிருந்தாள். பெண் வீட்டாரை மாப்பிள்ளையே போய் ஏற்றி வருவது முறையில்லை என்று அவன் வீட்டில் தடுத்துப் பார்த்தார்கள். அவன் கேட்காமல் விடியும்போதே அவள் ஊரான வட்டவளைக்கு ஆட்டோவை விட்டான். திரும்பும் வழியில் மண் சரிந்து பாதை அடைபட்டுக் கிடந்தது. குறுக்கே தேயிலைத் தோட்டத்து ரோட்டில் இறங்கியவன், எங்கே வழி தவறினான் என்பது அவனுக்கே தெரியாது.

"தம்பி, அந்தக் கடையில நிப்பாட்டுங்க" என்றார் கிருஷாந்தியின் அம்மா சண்முகவடிவு. "சாப்புட்டுப் போயிருவோம்."

"வீட்ல சமைச்சு வச்சிருக்காங்கம்மா."

"சம்மதம் சொல்லாம மாப்ள வீட்ல கை நனைக்கலாமா? ஒங்க பக்கத்துப் பச்சத்தண்ணியகூடத் தொடமாட்டோம்."

இப்படியாக, அவன் ஊருக்கென்று வைத்திருந்த பசியும் இந்த ஊருக்கே போயிற்று. கடைக்கார நூர்தீன் சுடச்சுட ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டசம்பலும் வைத்தார். கிருஷாந்தி தாராளமாகக் கை நனைத்தாள். பெண் பார்க்கப் போகும் வழியில் பக்கத்து வீட்டுக்காரன் தாலியோடு நிற்பதைக் கண்டவன் போல கஜேந்திரன் உட்கார்ந்திருந்தான்.

"இப்படி ஒரு ஊர்ல இருந்தா எவ்வளவு நல்லாருக்கும், இல்லம்மா? எவ்வளவு பூ!"

அக்கரப்பத்தனையிலும் பூ உண்டு. எங்கே என்று மும்முரமாக யோசித்தான். பஸ் ஸ்டாண்டுச் சேறுதான் ஞாபகத்துக்கு வந்தது. பிறந்ததிலிருந்து இருக்கிற ஊரை ஒருநாளாவது பார்த்து வைத்திருக்கலாம்.

பால் சேர்க்காத பிளேன்டீ வந்தது. கிருஷாந்தி ஒரு மிடறு குடித்துக் கண்ணை மூடினாள். "டீயும் நல்லாருக்கு."

அவனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. அவன் சின்னக்கல்லுத் தோட்டத்து பேக்டரியில் தேயிலைத்தூள் சலிக்கிறவன். இந்த ஒரு விஷயத்தில் ஊர்கள் அவனை ஏமாற்ற முடியாது. ஒரு வாய் உறிஞ்சி, நாக்கில் உருட்டி, முகத்தைச் சுளித்தான்.

"இது தூளா? பேக்டரித் தரையில கூட்டி அள்ளினது. சலிச்சவனுக்கு ரெண்டு கண்ணும் தெரியாதுபோல. எங்க தோட்டத்து டீயக் குடிச்சுப் பாருங்க, அப்புறம் தெரியும்."

நூர்தீன் கோபப்படவில்லை. "தம்பி எந்தத் தோட்டம்?"

"அக்கரப்பத்தன. சின்னக்கல்லு."

நூர்தீன் அலமாரியைத் திறந்து தூள் பையை எடுத்து வந்து மேசையில் வைத்தார். அதில் அச்சடித்திருந்த தோட்டத்துப் பெயரைக் கஜேந்திரன் தினமும் பார்க்கிறான்.

"எட்டு வருசமா இந்தத் தூள்தான் எடுக்கிறன். ஒருத்தரும் குறை சொன்னதில்ல. நீங்கதான் மொதல் ஆள்."

சண்முகவடிவின் கோப்பை பாதி வழியில் நின்றது. "அடியே, அப்ப நாம கை நனைச்சிட்டமா?"

கிருஷாந்தி பையைப் பார்த்தாள். காது சிவந்து உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். கோப்பையில் மிச்சமிருந்ததைக் குடித்து முடித்தாள்.

"நானா, இன்னொரு பிளேன்டீ" என்று நூர்தீனைக் கூப்பிட்டாள்.

அவனுக்கு உயிர் வந்தது. இரண்டாவது கோப்பை வந்தது. அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். டீயின் ஆவி கண்ணாடியில் படிந்து தெருவை மறைத்தது. அவள் ஒரு விரலால் அதில் சின்னதாக ஒரு வட்டம் துடைத்தாள். வட்டத்துக்குள் நீலக் கூரையும் வேலிப் பூவுமாக அந்த ஊர் நின்றுகொண்டிருந்தது.