சிங்கி இறாலுக்கு மூணு மார்க்

ராணியம்மாள் கப்பலில் போய்விட்டு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்த மூன்று வாரத்தில், கப்பலில் அவள் சாப்பிட்ட சிங்கி இறால் ஒரு முழம் வளர்ந்துவிட்டது.

பஸ்ஸை விட்டு இறங்கிய அன்று அது கையளவுதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று பேசியபோது தட்டை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் கரும்புக்குக் களை எடுக்கப் போன இடத்தில் முழங்கை நீளத்துக்கு வந்துவிட்டது. வாயில் வைத்தால் வெண்ணெய் மாதிரி கரைந்தது என்றும், மெல்ல வேண்டிய வேலையே இல்லை என்றும் அவள் சொல்லச் சொல்ல, கூட வேலை செய்கிற பெண்கள் எச்சில் விழுங்கிக்கொண்டு கேட்டார்கள்.

அவள் சொன்னால் நம்பாமல் இருக்க முடியாது. ராணியம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. காவாந்தண்டலத்தில் நடவுக்கும் களைக்கும் ஆள் சேர்த்துக்கொண்டு போகிறவள் அவள்தான். அதைவிடப் பெரிய பேர் அவள் நாக்குக்கு. ஊரில் எந்தத் தெருவில் விசேஷம் என்றாலும் அண்டாவை இறக்குவதற்கு முன் அவளைக் கூப்பிட்டு உள்ளங்கையில் ஒரு சொட்டு ஊற்றிப் பார்க்கச் சொல்வார்கள். அவள் உப்பு குறைவு என்றால் குறைவுதான். ஒருமுறை தன் சொந்த நாத்தனார் வீட்டு நிச்சயத்தில், மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்கார்ந்த பிறகு, குழம்பு அடிப்பிடித்திருக்கிறது என்று சொல்லி அண்டாவையே திருப்பி அனுப்பியவள் அவள்.

அப்பேர்ப்பட்டவள் சிங்கி இறால் விஷயத்தில் மட்டும் ஏன் பொய் சொன்னாள் என்றால், அதற்குக் காரணம் அவள் மகன் டேனியல்.

டேனியல் காஞ்சிபுரத்தில் கேட்டரிங் படித்துவிட்டு, சுற்றுலாக் கப்பல் ஒன்றின் சமையலறையில் இரண்டு வருஷமாக வேலை செய்கிறான். போனில் பேசும்போதெல்லாம் கடைசி நாள் விருந்தைப் பற்றிச் சொல்லுவான். ஒவ்வொரு பயணத்திலும் கடைசி ராத்திரி சிங்கி இறால்தானாம், லாப்ஸ்டர் என்பார்களே அது. அதற்கென்றே ஜனங்கள் கோட்டு போட்டுக்கொண்டும் பட்டு கட்டிக்கொண்டும் வருவார்களாம். வேலை செய்கிறவர்களின் பெற்றோருக்குச் சலுகை என்று இந்த வருஷம் கப்பலில் அறிவித்ததும், அவன் தன் அப்பா சாமுவேலையும் அம்மாவையும் நான்கு நாள் பயணத்துக்கு வரவழைத்துவிட்டான்.

கடைசி ராத்திரி ராணியம்மாள் மகள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டைக் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். வழக்கமாகச் சமையலறையை விட்டு வெளியே வராத டேனியல், அன்று பெரிய சமையற்காரரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, வெள்ளைக் கோட்டும் உயரமான தொப்பியுமாக இரண்டு தட்டை அவனே ஏந்தி வந்தான். வைத்துவிட்டுப் போகவில்லை. எதிரிலேயே நின்றான்.

தட்டில் பாதி இறால் இருந்தது. நீளவாக்கில் பிளந்த ஒரு பக்கம். ஓட்டோடு சேர்ந்து ஓரமெல்லாம் காய்ந்து, மேலே ஒரு துண்டு எலுமிச்சை. ராணியம்மாள் ஒரு வாய் எடுத்து வைத்தாள்.

"நல்லா கீதாம்மா?"

"நல்லா கீதுடா" என்றாள்.

அவன் சிரித்துக்கொண்டே உள்ளே போனான். அதற்குப் பிறகும் அந்த ஒரு வாய் அவள் வாயிலேயேதான் இருந்தது. பக்கத்தில் சாமுவேல் மென்றார். விளக்கு நிறம் மாறியது, பாட்டு மாறியது, அவர் மென்றுகொண்டே இருந்தார். முழுங்கித் தொலையுங்கள் என்று அவள் முணுமுணுத்தாள். முழுங்க வந்தால்தானே என்று அவர் கண்ணாலேயே சொன்னார். பிறகு மடித்து வைத்திருந்த துணியை எடுத்து வாயைத் துடைத்தார். துடைத்து முடித்தபோது வாய் காலியாக இருந்தது.

என்ன தப்பு நடந்திருக்கிறது என்று ராணியம்மாளுக்கு முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. இறால் கெட்டதில்லை. வேக வேண்டிய நேரத்தில் வெந்து, அதற்கப்புறம் யாரும் எடுக்காமல் சூட்டிலேயே கிடந்திருக்கிறது. சாயங்காலமே மொத்தத்தையும் வேகவைத்து மூடி அடுக்கியிருப்பார்கள். தென்னேரி ஏரி இறாலை அப்படிப் போட்டு வைத்தால் அவள் வீட்டுப் பூனைகூடத் திரும்பிப் பார்க்காது.

மறுநாள் காலை இறங்குகிற வழியில், கப்பலில் எது எப்படி இருந்தது என்று மார்க் போட ஒரு தொடுதிரை டேப்லெட்டைத் தாங்கியில் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், அதன் கீழே ஒன்று முதல் பத்து வரை எண்கள். எல்லாவற்றுக்கும் பத்து போடு என்று டேனியல் முதல் நாளே சொல்லி வைத்திருந்தான். கட்டில் படத்துக்குப் பத்து அழுத்தினாள். குளியலறைக்குப் பத்து. இட்லிக்குக்கூட மனசாட்சியைத் தட்டிக்கொடுத்துப் பத்து. சிங்கி இறால் படம் வந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தாள். சாமுவேல் பெட்டியோடு போராடிக்கொண்டிருந்தார். சட்டென்று மூன்றை அழுத்திவிட்டு நகர்ந்துவிட்டாள்.

ஊரில் வந்து இறங்கியதும், கூட வேலை செய்கிற அம்முலுதான் முதலில் கேட்டாள், சிங்கி இறால் எப்படி இருந்தது என்று. அந்த நேரத்தில் ராணியம்மாளுக்கு இறால் நினைவுக்கு வரவில்லை. தொப்பியோடு நின்ற மகன்தான் வந்தான். அப்புறம் என்ன, வாய் அது பாட்டுக்குப் பேச ஆரம்பித்துவிட்டது.

மூன்றாவது வாரம், கோபாலின் ஏரிக்கரை வயலில் நடவு. பத்தரை மணிக்குக் கரையேறி, வரப்பில் உட்கார்ந்து நாஷ்டாவைப் பிரித்தார்கள். ராணியம்மாளோடு அம்முலு, பரிமளா, கூட்டத்திலேயே மூத்தவளான தாயாரம்மாள், இன்னும் இரண்டு பேர். அப்போது ராணியம்மாளின் போன் அடித்தது. அந்தப் போன் போன மாசம் சேற்றில் விழுந்ததிலிருந்து காதில் வைத்தால் ஒன்றும் கேட்காது. ஸ்பீக்கரில் போட்டால் அடுத்த வயலுக்கும் கேட்கும். வேறு வழியில்லாமல் ஸ்பீக்கரில் போட்டாள்.

கப்பல் கம்பெனியிலிருந்து ஷீபா பேசுகிறேன் என்று ஒரு பெண் குரல் வந்தது. உரையாடல் பதிவு செய்யப்படும் என்றது. இரண்டு நிமிஷம் போதும் என்றது. வரப்பில் எல்லா வாயும் மெல்லுவதை நிறுத்தின.

"அம்மா, நீங்க எல்லாத்துக்கும் பத்து குடுத்திருக்கீங்க. ரொம்ப நன்றி. ஆனா கடைசி நாள் விருந்துல சிங்கி இறாலுக்கு மட்டும் மூணு போட்டிருக்கீங்க. என்ன காரணம்னு தெரிஞ்சுக்கலாமா?"

அம்முலு கடிக்க எடுத்த வெங்காயம் வாய்க்குப் பக்கத்திலேயே நின்றது. பரிமளா மெதுவாகத் திரும்பி ராணியம்மாளின் முகத்தைப் பார்த்தாள்.

"வெரல் தவறிப் பட்டிருக்கும் கண்ணு" என்றாள் ராணியம்மாள்.

அந்தப் பக்கம் ஷீபாவுக்கும் நிம்மதிதான். அப்படியானால் பத்து என்று மாற்றிவிடுகிறேன் என்றாள். விசைகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம் ராணியம்மாளுக்கு என்னவோ செய்தது. வரப்பில் உட்கார்ந்து அளந்தது கதை. கதை எப்படி வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். மார்க் அப்படியில்லை. அவள் பேரில், அவள் நாக்கை நம்பி, அந்தத் தட்டுக்குப் பத்து என்று எழுதப் போகிறார்கள். அடுத்த மாசம் இன்னொருத்தி பட்டைக் கட்டிக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்து தாடை வலிக்க மெல்லுவாள்.

"இரு கண்ணு. மாத்தாத. மூணே இருக்கட்டும்."

"அப்போ விரல் தவறலையாம்மா?"

"வெரல் சரியாத்தான் பட்டுச்சி. வாய்தான் தவறிப்போச்சி."

அப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. அது ரப்பர் செருப்பு மாதிரி இருந்தது என்றாள். செருப்பாவது நடக்க உதவும் என்றாள். சாயங்காலமே வேகவைத்து மூடி வைத்ததுதான் கோளாறு, ஆள் வந்து உட்கார்ந்த பிறகு அடுப்பில் போட வேண்டும், நிறம் மாறி நூறு எண்ணுவதற்குள் இறக்கிவிட வேண்டும் என்றாள். வெண்ணெயை ஆறவைத்துக் கிண்ணத்தில் தனியாகக் கொடுத்தால் அதை நக்கவா முடியும், சூடாக மேலே ஊற்ற வேண்டாமா என்று கேட்டாள். அம்முலுவுக்குப் பொறுக்கவில்லை. குனிந்து போனில், உப்பை முதலிலேயே போட்டால் சதை இறுகிவிடும் என்று சேர்த்தாள். தாயாரம்மாள் வயல் நண்டுக்கு மிளகை எப்போது தட்டிப் போடுவது என்று ஆரம்பித்தாள். பக்கத்தில் யார் என்று ஷீபா கேட்க, ஊர்ப் பெண்கள்தான், எழுதிக்கொள் என்றாள் ராணியம்மாள். செருப்பு என்ற இடத்தில் ஆரம்பித்த பரிமளாவின் சிரிப்பு நிற்கவே இல்லை.

இரண்டு நிமிஷம் என்று சொன்னது பதினேழு நிமிஷமானது. கடைசியில் ஷீபா குரலைத் தாழ்த்தி, பட்டியலில் இல்லாத கேள்வி ஒன்று கேட்கலாமா என்றாள். பூண்டை எப்போது போட வேண்டும் என்பதுதான் அந்தக் கேள்வி.

போன் அடங்கியது. 

தாயாரம்மாள் சோற்றுக் கையை உதறிவிட்டுக் கேட்டாள். "மொழங்கை நீட்டு இருந்துச்சின்னியே ராணி?"

ராணியம்மாள் தன் உள்ளங்கையைக் காட்டி, அதில் பாதியை மறு கையால் மறைத்தாள்.

அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பில், மோட்டார் கொட்டகையில் இருந்த கோபால் என்னமோ ஏதோ என்று ஓடி வந்தார். அன்று சாயங்காலம் வரை நடவு வரிசையில் யாராவது ஒருத்தி, மெல்லுக்கா, நல்லா மெல்லு என்பாள். உடனே நாற்று முடியோடு ஆறு பேரும் குனிந்த வாக்கில் குலுங்குவார்கள். ராணியம்மாளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் உள்ளே ஒரு பயம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பதிவு செய்கிறோம் என்று அந்தப் பெண் சொன்னதை அவள் மறக்கவில்லை.

நான்காம் நாள் சாயங்காலம் டேனியல் பேசினான்.

"எம்மா, இன்னாம்மா பண்ணி வெச்ச?"

நடந்ததை அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். கம்பெனி அந்தப் பதிவை அப்படியே கப்பலுக்கு அனுப்பிவிட்டது. பெரிய சமையற்காரர் கோவாக்காரர், மீசையும் அவருமாக ஒரு மலை. சமையலறை ஆட்கள் எல்லோரையும் நிற்கவைத்து அதைப் போட்டார். அங்கே தமிழ் தெரிந்தவன் டேனியல் ஒருத்தன்தான். சொந்த அம்மா சொன்னதை முப்பது பேர் முன்னால், வரிக்கு வரி அவனே மொழிபெயர்க்க வேண்டியதாகிவிட்டது. ரப்பர் செருப்பு வந்த இடத்தில் அவன் சமாளித்து, கொஞ்சம் கெட்டியாக இருந்ததாம் என்றான். பதிவில் பரிமளா விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. கொஞ்சம் கெட்டி என்றதற்கு இந்தப் பெண் ஏன் இப்படிச் சிரிக்கிறாள் என்று பெரியவர் கேட்டார். அவன் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

"தொரத்திட்டாங்களாடா?" என்று கேட்டாள் ராணியம்மாள்.

துரத்தவில்லை. பெரியவர் வெகு நேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்தாராம். அந்த அம்மா வந்த பயணத்தில் நாற்பது பேருக்கு மேல் மூன்றும் நான்கும் போட்டிருக்கிறார்கள், ஏன் என்று சொன்னது இந்த ஒரு அம்மாதான் என்றாராம். அன்றைக்கே இரண்டு இறாலை எடுத்து, டேனியலை அடுப்புக்கு முன்னால் நிற்கவைத்து, உன் அம்மா சொன்னபடி செய் என்றார். நூறு எண்ணி இறக்கி, சூடான வெண்ணெயை ஊற்றிக் கொடுத்தான். பெரியவர் ஒன்றைத் தின்றார். இரண்டாவதையும் தின்றார். இந்தப் பயணத்திலிருந்து, ஆள் உட்கார உட்கார இருபது இருபது தட்டாகத்தான் வேகவைக்க வேண்டும் என்று உத்தரவு. அந்த அடுப்புக்கு டேனியல்தான் பொறுப்பு.

"சந்தோசம்தானேடா?"

"இன்னா சந்தோசம். நாலு மணி நேரம் நின்னு நூறு நூறா எண்ணிக்கினு கீறேன். காலு ரெண்டும் வீங்கிப் போச்சி. கண்ண மூடினா நம்பரா வருது." அவன் அலுத்துக்கொண்டாலும் குரல் அலுப்பாக இல்லை. பிறகு கேட்டான். "அன்னிக்கு எங்கிட்ட மட்டும் ஏம்மா நல்லா கீதுன்ன?"

"தொப்பி போட்டுக்கினு எதுர்ல வந்து நின்ன. வேற இன்னாடா சொல்றது?"

 இனிமேல் என்னிடமும் மூணு என்றால் மூணே சொல் என்றான். சரி என்றாள். உடனே, அந்த இட்லி என்று ஆரம்பித்தாள். டேனியல் அவசரமாக, அடுப்பு காத்திருக்கிறது என்று போனை வைத்துவிட்டான்.

மறுவாரம் கம்பெனியிலிருந்து ஒரு செய்தி வந்தது. அடுத்த பயணத்தில் இருவருக்குச் சிங்கி இறால் விருந்து இலவசம், கப்பல் டிக்கெட் அதில் சேராது என்று இருந்தது. சாமுவேல் அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். தாடையைத் தடவிக்கொண்டு, அவசரமொன்றும் இல்லை என்றார்.

வயலில் பெண்கள் விடவில்லை. இந்தத் தடவை நடந்தது நடந்தபடி சொல்ல வேண்டும் என்றார்கள். ராணியம்மாள் முதலிலிருந்து சொன்னாள். பாதி இறால், தொப்பி, சாமுவேலின் வாய் காலியானது எல்லாவற்றையும் சொன்னாள். முதல் கதைக்கு எச்சில் விழுங்கியவர்கள் இந்தக் கதைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். உற்சாகம் தாங்காமல் அவள் கப்பலின் மொட்டை மாடியைப் பற்றியும் சொன்னாள். அங்கே ஒரு குளமே இருந்தது, ஜனங்கள் அதில் நீந்தினார்கள் என்றாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. அம்முலு நாற்று முடியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"சுத்தி அம்மாந் தண்ணி கீது. அது பத்தாதுன்னு கப்பல் மேல வேற கொளம் வெட்டி வெச்சிக்கிறானா?"

"சத்தியமாடி."

"நீ இன்னும் திருந்தலக்கா" என்றாள் பரிமளா.

ராணியம்மாள் சத்தியம் செய்தாள். சாயங்காலம் சாமுவேலைக் கூட்டி வந்து தெருவில் நிறுத்திச் சொல்லச் சொன்னாள். அவரும் சொன்னார். கட்டின பெண்டாட்டிக்காக அந்த மனுஷன் எவ்வளவுதான் பொய் சொல்லுவார் என்று தாயாரம்மாள் பரிதாபப்பட்டாள்.