சுண்ணாம்புக் கலயம்

கோயிலில் காலை மணி அடிப்பதற்கு முன்பே யாகப்பன் நான்காவது மரத்தின் உச்சியில் இருந்தான். காலில் மாட்டிய தளைக்கயிறு பனியில் ஊறிக் கனத்தது. காய்த்துப்போன நெஞ்சுத் தோலைத் தென்னையின் சொரசொரப்பு மறுபடியும் உரசியிருந்தது. மட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, இரவெல்லாம் சொட்டி நிறைந்த கலயத்தை அவிழ்த்தான். புளித்த வாசம் முகத்தில் அடித்தது. மிதந்த எறும்புகளையும் தேனீக்களையும் விரலால் ஒதுக்கிவிட்டு, கள்ளை இடுப்பில் தொங்கிய குடுக்கையில் கவிழ்த்தான். பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவினான். பிறகு சிறு கட்டையால் பாளையைத் தட்டினான். இரண்டு தட்டு வேகமாக, ஒரு தட்டு நிதானமாக.

தோப்பின் மறுகோடியிலிருந்தும் தட்டும் ஓசைகள் வந்தன. உறுவையாறு கிராமத்தில் கள் இறக்குகிறவர்களுக்கு ஆளுக்கொரு விதமான தட்டு. யார் எங்கே இருக்கிறார்கள் என்பது ஓசையிலேயே தெரிந்துவிடும். ஆனால் கீழே இறங்கிய பிறகு யாரும் யாரோடும் பேசுவதில்லை.

இறக்கிய கள்ளை ஏலம் எடுத்த கடைக்காரரிடம்தான் ஊற்ற வேண்டும், மரத்தடியில் ஒரு குவளைகூட விற்கக் கூடாது என்பது சட்டம். தோப்புகளைக் குத்தகைக்கும் மதகடிப்பட்டுக் கள்ளுக்கடையை ஏலத்திலும் எடுத்திருந்த சிவப்பிரகாசம் அதோடு தன் சட்டம் ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். மரத்தடியில் விற்றவனைக் காட்டிக்கொடுத்தால், விற்றவனின் மரங்கள் காட்டிக்கொடுத்தவனுக்கு. அன்றிலிருந்து ஒவ்வொருவனும் மற்றவனுக்குக் காவல்காரன் ஆகிவிட்டான்.

போன வருஷம், கரும்பு வெட்டிக் களைத்து வந்தவர்களுக்கு மரத்தடியில் கள் விற்றான் என்று அரங்கநாதனைக் கலால் காவலர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் அபராதம் கட்டித் திரும்பி வருவதற்குள் அவன் மரங்களில் சில யாகப்பனுக்கு வந்தன. யாகப்பன் யாரையும் காட்டிக்கொடுத்தவன் அல்ல. ஆனால் வந்த மரங்களை வேண்டாம் என்று சொல்லவுமில்லை. ஊர் தானாக ஒரு முடிவுக்கு வந்தது. குளக்கரையில் அவனைக் கண்டால் பேச்சு நின்றது. மனைவி மதலேனாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு அவன் வீட்டில் அடுப்பு ஒருவேளைதான் எரிந்தது. இரவில் செபமாலை சொல்லும்போது, மறுமொழி சொல்ல ஆளில்லாமல் இரண்டு பக்கத்தையும் தானே சொல்லிக்கொண்டான்.

இந்த வருஷம் எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் கள்ளுக்கடைகளை மூடினார்கள். எல்லைக்கு இப்பால், விழுப்புரம் சாலையில் மதகடிப்பட்டுக் கடைக்கு ஆட்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். கூட்டத்தைப் பார்த்து ஏலத்தில் போட்டி கூடியது. சிவப்பிரகாசம் விடாமல் கேட்டு மறுபடியும் கடையை எடுத்தார். எடுத்த கையோடு, இறக்குகிறவர்களுக்குக் கொடுக்கும் கூலியைக் குறைத்தார்.

"இன்னா மொதலாளி, கடையில கூட்டம் பிச்சிக்கினு போவுது. எங்களுக்குப் போயி கொறைக்கிறீங்களே?" என்றான் அரங்கநாதன்.

"ஏலத்துல ஏத்திவுட்டானுவளே, அத்த எவன் அப்பன் வூட்லேருந்து குடுக்கறது? இஷ்டம்னா ஊத்து. இல்லன்னா வேற எவன்கிட்ட ஊத்துவ? ரோட்லயா?"

பக்கத்தில் நிற்பவன் என்ன சொல்வானோ என்று ஒவ்வொருவனும் காத்திருந்தான். பிறகு வரிசையாகக் குடுக்கைகளைக் கவிழ்த்துவிட்டுத் தனித்தனியாக நடந்தார்கள்.

குறைந்ததை ஈடுகட்ட யாகப்பன் இன்னும் சில மரங்களை ஏற்றுக்கொண்டான். ஒரு நாள் காலையில் மழை விட்டதும் ஈரம் காயாத மரத்தில் ஏறினான். பாதிக்கு மேல் போனதும் பாசியில் கால் வழுக்கியது. மரத்தைக் கட்டிப்பிடித்தபடியே உரசிக்கொண்டு வந்து, கடைசியில் பிடி விட்டு வரப்பில் விழுந்தான்.

வலது கால் தனக்குச் சொந்தமில்லாத பொருளைப் போலத் திரும்பிக் கிடந்தது. கூப்பிட முயன்றான், குரல் வரவில்லை. வந்தாலும் யாரைக் கூப்பிடுவது? பெயர் சொல்லிக் கூப்பிட அவனுக்கு அந்தத் தோப்பில் ஒருவரும் இல்லை. "மாதாவே" என்றான். நெஞ்சுச் சிராய்ப்பில் எறும்பு ஏறியது. தூரத்தில் மற்றவர்களின் தட்டும் ஓசை வழக்கம்போலக் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த ஓசைகளில் ஒன்று நின்றது. சற்றுப் பொறுத்து இன்னொன்றும். பிறகு தோப்பு முழுவதும் அடங்கிப்போயிற்று. வரப்பில் யாரோ ஓடி வரும் சத்தம்.

முதலில் வந்தவன் அரங்கநாதன்.

"ஒந்தட்டு கேக்கலய்யா. ஒரு மரம் எறங்கி அடுத்தது ஏறற நேரம் தாண்டியும் கேக்கல" என்றான் மூச்சு வாங்க. தன் தலைத்துண்டை அவிழ்த்து அவன் காலைக் கட்டினான். கரும்புக் கொல்லையில் கூலி வேலை செய்துகொண்டிருந்த கலியம்மாள் மாட்டுவண்டியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வண்டியில் போகும்போது யாகப்பனின் தலை அவள் மடியில் இருந்தது. அந்தப் பெண்ணோடு அதுவரை அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். வீட்டு வாசல் ஓரமாகப் போட்ட கட்டிலில் படுத்தபடி யாகப்பன் தன் மரங்களை நினைத்தான். சீவாமல் விட்டால் பாளை வாயடைத்துப் போகும். கள் சுரக்காத மரத்தைச் சிவப்பிரகாசம் அவன் பேரில் வைத்திருக்கமாட்டார். மரம் போனால் பிழைப்பு போயிற்று. அப்போது தோப்புப் பக்கமிருந்து ஓசை கேட்டது. அவன் மரங்களில்தான் யாரோ தட்டுகிறார்கள். அதற்குள் வேறு ஆள் போட்டுவிட்டார்கள் என்று நினைத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

கலியம்மாள் கஞ்சி கொண்டுவந்தாள்.

"யாரும்மா என் மரத்துல?"

"யாரா? எல்லாருந்தான். ஆளுக்கு ரெண்டு மரம் பங்கு போட்டுக்கினாங்க. பாளை காஞ்சிடுமாமே? கள்ளையும் ஒம் பேருலதான் ஊத்துறாங்கண்ணே. கஞ்சியக் குடி, ஆறிப்போவுது."

அவன் தோப்புப் பக்கம் திரும்பிக் கஞ்சியை வாங்கிக்கொண்டான்.

சாயங்காலம் அரங்கநாதன் வந்து வாசற்படியில் உட்கார்ந்தான்.

"நான் சொல்லலய்யா" என்றான் யாகப்பன். "ஆனா ஒம் மரத்த வாங்கிக்கினேன்."

"நீ சொல்லலன்னு அப்பவே தெரியும். மொதலாளி கடைப் பையன்தான் எங்கிட்ட வாங்கிக் குடிச்சிட்டு, வாயக்கூடத் தொடைக்காம போயிச் சொன்னான். அவனுக்கு மரம் ஏறத் தெரியாதுன்னு ஒனக்குக் குடுத்தாரு."

"பின்ன ஏன்யா இத்தினி நாளா பேசல?"

"நீ பேசினியா?"

இருவரும் சிரித்தார்கள். யாகப்பனுக்குச் சிரித்தால் கால் வலித்தது.

மறுநாள் காலையில் சிவப்பிரகாசத்தின் மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றது. பின்னாலிருந்து தளைக்கயிறும் கலயமுமாக ஓர் இளைஞன் இறங்கினான். பண்டசோழநல்லூர்க்காரன், பெயர் தாமஸ். விஷயம் கேள்விப்பட்டுத் தோப்பிலிருந்து எல்லோரும் வந்துவிட்டார்கள்.

"கால் ஒடைஞ்சவனுக்கு மரம் எதுக்கு? நாளையிலேருந்து இவன் ஏறுவான்" என்றார் சிவப்பிரகாசம்.

"மரம் சும்மா இல்லியே மொதலாளி. நாங்க ஏறி ஊத்துறமே" என்றான் அரங்கநாதன்.

"தர்மம் பண்றியா? ஒனக்கே மரம் குடுத்து வச்சிருக்கறது நான்."

"கால் கூடற வரிக்கும் வுட்டு வையிங்க. கூலியும் பழையபடி குடுங்க. கள்ளு சொட்டுக் கொறையாது."

"சட்டம் தெரியுமாடா? எறக்கற கள்ளு பூரா எனக்குத்தான். ஒரு குவளை வெளியில போச்சு, அத்தினி பேரும் உள்ள போவீங்க."

கலியம்மாள் முன்னால் வந்தாள். "ஒங்க கடையில தண்ணியும் தூக்க மாத்திரப் பொடியும் கலக்கறீங்களே, அதுக்கு எந்தச் சட்டம்? எம் புருஷன் அத்தக் குடிச்சிட்டு ரெண்டு நாளு கண்ணு தொறக்கல."

"நீ யாரு நடுவுல?"

"குடிக்கறவன் பொண்டாட்டி."

யாரோ சிரித்தார்கள். சிவப்பிரகாசத்தின் முகம் இறுகியது. யாகப்பன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான்.

"மொதலாளி சொல்றது சரிதான்யா. கள்ளு எறக்கினா அவருக்குத்தான் ஊத்தணும். அதனால கள்ளே எறக்க வேணாம். கலயத்துல சுண்ணாம்பு தடவிக் கட்டுங்க."

அங்கே இருந்த எல்லோருக்கும் அது தெரிந்த வேலைதான். உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தில் சொட்டுவது புளிக்காது. பதநீராகவே இருக்கும். குழந்தையும் குடிக்கலாம். பாளையும் காயாது. கடைக்கு மட்டும் கள் இருக்காது.

"பதனியயும் மரத்தடியில வித்துப் பாருங்கடா, வரேன்" என்றார் சிவப்பிரகாசம்.

"விக்கலிங்க, சும்மா குடுக்கறோம். மிஞ்சினா காய்ச்சி வெல்லம் எடுக்கறோம்" என்றான் அரங்கநாதன்.

"சும்மா குடுத்துட்டு இன்னாத்தத் தின்னுவீங்க? எத்தினி நாளு தாங்குவீங்க?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி என்பது எல்லோருக்கும் தெரியும். வெல்லத்தில் அரை வயிறு நிறையலாம். மரங்களும் குத்தகையும் அவர் கையில்தான் இருந்தன. மதகடிப்பட்டில் இந்நேரம் முதல் பஸ் வந்திருக்கும்.

கலியம்மாள் தன் வீட்டுக்குப் போய், பொங்கலுக்கு வெள்ளையடிக்க வைத்திருந்த சுண்ணாம்பைச் சட்டியில் கரைத்துக்கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒருவன் தன் கலயத்தை நீட்டினான். ஏற முடியாத யாகப்பனுக்குக் கை நன்றாகத்தான் இருந்தது. விரல்களைச் சுண்ணாம்பில் தோய்த்து, கலயத்தின் உட்புறத்தைச் சுற்றித் தடவினான். அடுத்த கலயம் வந்தது, அதற்கடுத்ததும். மதலேனாளை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு அந்த வாசலில் இத்தனை பேர் நின்றதில்லை.

"டேய், வண்டியில ஏறு" என்றார் சிவப்பிரகாசம் தாமஸிடம்.

தாமஸ் ஏறவில்லை. கட்டிலையும் மாவுக்கட்டையும் பார்த்தான். தன் காய்த்த நெஞ்சைத் தடவிக்கொண்டான். பிறகு தோளில் கிடந்த கலயத்தைக் கழற்றி, கூட்டத்துக்குள் வழி கேட்டு நுழைந்து, யாகப்பன் முன்னால் நீட்டினான்.

"இதுக்கும் கொஞ்சம் தடவுங்கண்ணே."