பாண்டிராஜ் அனுப்பிய பாட்டு

பாண்டிராஜ் சரக்குக் கப்பலில் சமையல்காரன். அவன் கடிதம் எழுதுவதில்லை. கேசட்டில் பேசி அனுப்புவான். கோவில்பட்டியில் அவன் மனைவி மாரிச்செல்வி அதைக் கேட்டுவிட்டு, அதன் மேலேயே தன் பேச்சைப் பதிந்து திருப்பி அனுப்புவாள். கல்யாணமான மூன்று வருஷமாக ஒரே கேசட்தான் போய்வந்துகொண்டிருந்தது.

1997 ஆவணியில் கேசட் வந்தபோது அதில் அவன் பேச்சு கொஞ்சம்தான் இருந்தது. "மாரி, இந்தப் பாட்டைக் கேளு. இங்கன துறைமுகத்துல எங்க போனாலும் இதுதான் ஓடுது. ஸ்பானிஷ் பாட்டாம்." பிறகு கிதாரும் டிரம்ஸும் முழங்க, யாரோ ஒருவன் தொண்டை கிழியப் பாடினான்.

மாரிச்செல்வி தான் வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீஸில் பக்கத்தில் உட்கார்ந்து குச்சி அடுக்கும் சுப்புத்தாயிடம் இதைச் சொன்னாள்.

"ஏட்டி, துறைமுகத்துல பாட்டுக் கேக்கத்தான் எறங்குதானாக்கும்? யாரு மடியில படுத்துக் கேட்டானோ!"

எல்லாரும் சிரித்தார்கள். மாரிச்செல்வியும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து அந்தப் பாட்டை ஏழு தடவை கேட்டாள். பதில் பதியாமல் பதினைந்து நாள் கேசட் அப்படியே கிடந்தது. அவன் கப்பல் அடுத்த துறைமுகத்தை விடுவதற்குள் பதில் போய்ச் சேர வேண்டுமானால் வெள்ளிக்கிழமைக்குள் தபாலில் சேர்த்தாக வேண்டும்.

கன்னியர் மடத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் சிஸ்டர் ஆறு வருஷம் ஸ்பெயினில் இருந்தவர். வியாழக்கிழமை மாரிச்செல்வி டேப் ரிக்கார்டரை மஞ்சள் பையில் வைத்து அவரிடம் எடுத்துப் போனாள்.

"காய்ச்சலா, சளியா?"

"பாட்டு, சிஸ்டர். அர்த்தம் தெரியணும். மறைக்காம சொல்லுங்க."

சிஸ்டர் கண்ணை மூடி இரண்டு தடவை கேட்டார். சாமி பாட்டு என்று சொல்லியிருந்தால் மாரிச்செல்வி நம்பியிருப்பாள். ஆனால் ஆறுதலுக்காகக்கூடப் பொய் சொல்ல அவருக்கு வராது.

"ஒருத்தன் ஒரு பொண்ணோட இருக்கான்மா. விடிஞ்சா பிரியணும். ராத்திரி ஒவ்வொண்ணும் ஏன் இப்படி ஓடுது, ஒண்ணையாவது நிறுத்தி வைக்க முடியலையேன்னு கத்துறான்."

மாரிச்செல்வியின் முகம் சுண்டிப்போனது. "அப்போ சுப்பக்கா சொன்னது சரிதானா?"

"எனக்குத் தெரிஞ்சது பாட்டோட அர்த்தம். உன் வீட்டுக்காரர் மனசுல உள்ளதை நான் எப்படிச் சொல்ல? அவருக்கு இந்தப் பாஷை தெரியுமா?"

"இங்கிலீஷே தட்டுத் தடுமாறித்தான்."

"போன லீவுல எப்படி இருந்தாரு?"

"எனக்கு ஆபீஸ்ல வேலை நெருக்கடி, சிஸ்டர். குச்சி அடுக்குற சட்டத்தை வீட்டுக்கே கொண்டாந்து ராத்திரியெல்லாம் அடுக்கினேன். அவியளும் தூங்காம பக்கத்துல உக்காந்து அடுக்கினாவ. எல்லாம் கோணல் மாணல். நான் பிரிச்சுப் பிரிச்சுத் திரும்ப அடுக்கினேன்." சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. "உக்காந்து பேசவே இல்ல. இருபது நாளும் ஓடிப்போச்சு."

வெளியே வரிசையில் ஆட்கள் சீட்டோடு நின்றார்கள். சிஸ்டர் அவளை அவசரப்படுத்தவில்லை. ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்து, அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தார். கடவுள் சில நேரம் இப்படித்தான் நம் பக்கத்தில் வந்து உட்காருகிறார் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் மாரிச்செல்வி கேசட்டை ஆரம்பத்துக்குச் சுற்றவில்லை. பாட்டை அழிக்காமல், அது முடிந்த இடத்திலிருந்து பேசத் தொடங்கினாள்.

"நல்லா இருக்கீகளா? இந்தப் பாட்டுக்கு அர்த்தம் கேட்டு வந்துட்டேன். சொல்லுதேன். கேட்டுட்டு, யாரை நெனச்சு இதை அனுப்புனீகன்னு நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்லுததை நான் நம்புவேன். அடுத்து நீங்க வாரப்போ குச்சிச் சட்டத்தை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டேன்னு நாளைக்கே ஆபீஸ்ல சொல்லிருதேன்."