கடைசி பெஞ்ச் தெரியும் கண்ணாடி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கல்யாணத்துக்குத் தாமதமாகப் போனதால் கிடைத்த கதை இது. ஆலயத்தில் இடமில்லை. ஆர்கன் வாசிப்பவருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் என்னை உட்காரவைத்துவிட்டார்கள். அவர் சபைக்கு முதுகைக் காட்டி வாசித்தார். ஆர்கனின் மேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடி. மணப்பெண் எதுவரை வந்திருக்கிறாள் என்று அதில் பார்த்துக்கொண்டார். முதுகைக் காட்டிக்கொண்டே எல்லாரையும் பார்க்கிற மனிதர்! விடுவேனா? இவரை ஒரு கதையில் அப்பாவாக்கிவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

2

தொடக்கம் சுலபமாக வரவில்லை.

‘மழை விடாமல் பெய்த அந்த ஞாயிற்றுக்கிழமை...’ (வேண்டாம். மழை என்றால் பாதிப் பேர் வரமாட்டார்கள். எனக்கு ஆலயம் நிறைய ஆள் வேண்டும்.)

‘ஆர்கன்காரருக்கு மகள்மேல் கோபமில்லை, ஆனால்...’ (இந்த ‘ஆனால்’ என்னை ஒரு வாரம் படுத்தியது.)

‘ஆர்கன்காரரின் மகள் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு எட்டு வருடம் ஆகிறது.’ இது இருக்கட்டும். போட்டு உடைத்தாயிற்று, இனி மூச்சு விடலாம்.

3

மகள் பல் டாக்டர். அவள் கட்டிக்கொண்டவள் எலெக்ட்ரீஷியன். பதிவு அலுவலகத்தில் இருவரும் கையெழுத்துப் போட்ட அன்று, “எனக்குப் பாட்டுப் பயிற்சி இருக்கு” என்று அப்பா போகவில்லை. அன்று பயிற்சியே கிடையாது. ஆளில்லாத ஆலயத்தில் ஆர்கன் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். (சோகமாக ஏதாவது வாசித்தார் என்று எழுதி, அடித்துவிட்டேன். மூடியைக்கூடத் திறக்கவில்லை.)

ஆலயத்தில் முதல் வருடம் அவர்கள் உட்கார்ந்த கடைசி பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. அப்புறம் தாமதமாக வருகிறவர்கள் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார்கள். மூன்றாம் வருடம் மைக் செட் படுத்துவிட்டது. எலெக்ட்ரீஷியன் சரிசெய்தாள். அன்றிலிருந்து சபைக்கு அவள் ‘நம்ம எலெக்ட்ரீஷியன்’.*

“மைக் ரிப்பேர் பண்ணலைன்னா நாம யாரு இவங்களுக்கு?” என்று மகள் கேட்டாள்.

* மகளிடம் பல்வலியோடு போன இரண்டு சபை மூப்பர்களின் மனமாற்றத்தையும் இங்கே சேர்க்கலாம். வாயைத் திறந்து படுத்திருக்கிறவர் எதிர்த்துப் பேசமாட்டார்.

4

போதகரை வில்லனாக்க எனக்குக் கை அரித்தது. ஆனால் மனிதர் ஒத்துழைக்கவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு, கல்யாண நாள் வருகிறவர்களை முன்னால் அழைத்து ஜெபம் செய்வது அங்கே வழக்கம். “கணவன் மனைவியர் வாருங்கள்” என்று அழைத்துக்கொண்டிருந்தவர், கமிட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டும் விடாமல், போன வருடம் முதல் “திருமண நாள் காண்கிறவர்கள் வாருங்கள்” என்கிறார். ஒரு வரியை நகர்த்த அவருக்கு ஏழு வருடம் ஆனது.

ஜோடிகள் நடந்து வரும்போது ஆர்கன்காரர் ஒரு பாட்டு வாசிப்பார். கடைசி ஆள் வந்து சேரும்வரை நிறுத்தமாட்டார். முழங்கால் வலிக்காரர்களுக்காக ஒரு சரணத்தை இரண்டு தடவை வாசித்ததும் உண்டு. அது சபை முழுக்கத் தெரிந்த விஷயம்.

போன வருடம், தங்கள் கல்யாண மாதம் வந்தபோது, கடைசி பெஞ்சில் மகளும் எலெக்ட்ரீஷியனும் எழுந்து நின்றார்கள். பாட்டு நின்றுவிட்டது. இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

5

ஒரு வருடம் கழித்து, சனிக்கிழமை காலை. ஆர்கன்மேல் ஆடிக்கொண்டிருந்த கண்ணாடிக்குத் திருகு போட வந்த எலெக்ட்ரீஷியன், வேலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“போன வருஷம் நாங்க எந்திரிச்சோம், அங்கிள். நீங்க பாட்டை நிறுத்திட்டீங்க.”

“எப்போ? நான் பாக்கலையேம்மா!”

அவள் நம்பவில்லை. அவருடைய இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தாள்.

“என்ன அங்கிள் இது, எட்டாவது வரிசைக்கு அப்புறம் ஒண்ணுமே தெரியலையே!”

“முப்பது வருஷமா அவ்வளவுதான் தெரியும்.”

(பார்த்திருந்தால் தொடர்ந்து வாசித்திருப்பாரா? எழுதியவன் என்ற உரிமையில் கேட்டேன். மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.)

“சரி, எப்படித் திருப்பி வைக்கட்டும்?”

அவர் யோசித்தார்.

“கடைசி பெஞ்ச் தெரியிற மாதிரி வை.”

அவள் திருகை இறுக்கினாள். வேண்டியதைவிட ஒரு சுற்று அதிகம்.

வீட்டில் இதைக் கேட்டு மகள் சிரித்தாள். “கண்ணாடியா? நல்ல சாக்கு. இன்னொரு தடவை எந்திரிச்சு உக்கார என்னால முடியாது, ஆளை விடு.”

6

ஞாயிறு. போதகர் அழைத்தார். மூன்று ஜோடிகள் முன்னால் வந்தாயிற்று. பாட்டின் நான்கு சரணமும் முடிந்தது. போதகர் ஜெபத்துக்குக் கையை உயர்த்தினார்.

ஆர்கன்காரர் மறுபடி முதல் சரணத்தைத் தொடங்கினார்.

பாடகர் குழு திகைத்து, பிறகு சேர்ந்துகொண்டது. அவர் நிறுத்தவில்லையென்றால் இன்னும் யாரோ வர வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. போதகர் கையை இறக்கிக்கொண்டு காத்திருந்தார். தூரத்துக் கண்ணாடியில் அப்பாவின் மூக்குக்கண்ணாடி தன் பக்கம் திரும்பியிருப்பதை மகள் பார்த்தாள். எட்டு வருடத்தில் முதல் தடவையாக அவர் தனக்காகக் காத்திருக்கிறார் என்பது அவளுக்கு விளங்கியது. எழுந்துவிட்டாள். எலெக்ட்ரீஷியனும் எழுந்தாள்.

7

முடிவுகள் இரண்டு எழுதினேன். ஒன்றில் சபையே கைதட்டுகிறது. (நான் கண்ட எந்தச் சபையும் அவ்வளவு சீக்கிரம் கைதட்டாது.) இன்னொன்றில் ஒரு மூப்பர் வெளியே போகிறார். (அவருக்குப் பல்வலி திரும்ப வரும்.) இரண்டையும் கிழித்துவிட்டேன்.

இனி என் கையில் ஒன்றுமில்லை. அந்தப் பெஞ்சின் ஒரு பக்கம் சுவர். மறுபக்கம், நடைபாதை ஓரமாக, தாமதமாக வந்த ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். கதையின் தொடக்கத்திலிருந்தே அவரை அங்கே உட்காரவைத்திருக்கிறேன். நீங்கள்தான். உங்களைத் தாண்டாமல் அவர்களால் வெளியே வர முடியாது.

ஆர்கன்காரர் இரண்டாம் சரணத்துக்கு வந்துவிட்டார். கண்ணாடியில் நீங்களும் தெரிகிறீர்கள்.

காலைக் கொஞ்சம் மடக்கிக்கொள்கிறீர்களா?