அடியில் நெருப்புள்ள மண்

ஹெல்மெட்டின் வாரைத் தாடைக்குக் கீழே மாட்டத் தெரியாமல் அர்ஷத் தடுமாறிக்கொண்டிருந்தான். சூப்பர்வைசர் வரதன் வந்து மாட்டிவிட்டார்.

"இது இல்லாம கேட்டாண்ட உடமாட்டான் பாய். உன் தம்பிகிட்டயும் தெனம் இதுக்குத்தான் கத்துவேன்" என்றவர், நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தம்பி ரஷீத், ஷிப்ட் முடிந்து வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து இந்தோனேசியாவின் இந்த மலைக்குக் குழாய் வெல்டிங் செய்ய அவனை அனுப்பிய கம்பெனியே அர்ஷத்தையும் விமானம் ஏற்றிவிட்டது. ரஷீத்தின் மய்யித்தை ஆஸ்பத்திரி ஐஸ் அறையிலிருந்து மலையடிவாரத்துப் பள்ளிவாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். இத்தனை நேரம் காக்கவைத்ததே தப்பு, அங்கேயே அடக்கம் பண்ணிவிடு என்று பழவேற்காட்டிலிருந்து உம்மா ஹாஜிராவே சொல்லிவிட்டாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள்.

"அவன் வீடியோ அனுப்பிச்சான்டா. தரையிலேர்ந்து பொகையா வருது. நெருப்பு கீற மண்ணுல எம்புள்ளைய வெக்காத. நீயே பாத்து, சில்லுனு கீற எடமா வெய்யி. இல்லன்னா எத்தினி நாள் ஆனாலும் செரி, பொட்டியில ஏத்தி ஊட்டுக்கு இட்டாந்துடு."

சூடு எதுவரைக்கும் இருக்கும் என்று கேட்டதற்கு, வரதன் அவனை ஜீப்பில் ஏற்றி, ரஷீத் வேலை பார்த்த மின்நிலையத்துக்கே கொண்டுவந்துவிட்டார்.

மலைச்சரிவு முழுக்க வெள்ளி நிறக் குழாய்கள் வளைந்து வளைந்து ஓடின. புல் முளைக்காத இடங்களில் மண் மஞ்சளும் சாம்பலுமாக வெந்துகிடந்தது. சேற்றுக் குழி ஒன்று கஞ்சி மாதிரி கொதித்தது. எங்கும் அழுகிய முட்டை நாற்றம்.

"நம்ம ஊர்ல கரிய கொட்டி எரிக்கணும். இங்க ஒண்ணியும் வேணாம். ஆழமா போர் போட்டா ஆவி பிச்சிக்கினு வருது, அதுலயே டர்பைன் ஓடுது. அடியில பூரா நெருப்பு பாய்!" என்றார் வரதன். வாய் சும்மா இருக்காத மனிதர். கெட்டவர் இல்லை.

அர்ஷத் தலையாட்டினான். அழுகை வரவில்லை. வரவில்லையே என்ற வெட்கம் மட்டும் இருந்தது.

"கபர்ஸ்தான்ல எப்டி சார்?"

"அது தள்ளி கீது, தேயிலைத் தோட்டத்தாண்ட. அங்க சூடு இல்லன்னுதான் சொல்றாங்க."

கபர்ஸ்தானில் குழி தோண்டுமுன் அர்ஷத் குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். மழை பெய்த தரை, குளிர்ந்திருந்தது. பழவேற்காட்டில் மேல்மண் குளிர்ந்திருந்தால் போதும், இரண்டடி தோண்டினால் ஏரித் தண்ணீரே கசியும். அந்தக் கணக்கில்தான் உம்மாவுக்குப் போன் போட்டு, "எடம் நல்லா கீதுமா" என்றான்.

தொழுகை முடிந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மய்யித்தை வாங்கக் குழிக்குள் இறங்கினான். உள்ளங்கால் வெதுவெதுத்தது. சமைத்து முடித்த அடுப்படித் தரையில் இருக்குமே, அந்தச் சூடு. காலை மாற்றி வைத்தான். அங்கேயும் அதே சூடுதான்.

மேலே, கஃபன் துணி சுற்றிய ரஷீத்தைத் தாங்கியபடி நின்றார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், நிறுத்திவிடுவார்கள். அப்புறம் மறுபடி ஐஸ் அறை, பெட்டி, விமானம். சொல்லாவிட்டால் உம்மா கேட்டுக்கொண்ட ஒன்றையும் மீறியதாகும்.

"இன்னா பாய்?" என்றார் வரதன்.

"ஒண்ணுமில்ல சார். குடுக்கச் சொல்லுங்க."

ரஷீத் ஐஸ்கட்டியாக வந்தான். துணியைத் தாண்டி அவன் குளிர் அர்ஷத்தின் முழங்கைவரை ஏறியது. மக்கா இருக்கும் கிப்லா பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்தான். முகத்துத் துணியை விலக்கிக் கன்னத்தை மண்ணில் சேர்க்கும்படி இமாம் சைகை காட்டினார். சேர்த்தான். கன்னத்துக்கும் மண்ணுக்கும் நடுவே மாட்டிய விரல்களில் ஒரு பக்கம் குளிர்ந்தது, ஒரு பக்கம் சுட்டது. மேலேயிருந்து கூப்பிடும்வரை கையை எடுக்கவில்லை.

பலகை அடுக்கி, எல்லோரும் மூன்று பிடி மண் போட்டு, துஆ ஓதி முடித்ததும் போன் அடித்தது.

"நீதான் எறங்குனியா?"

"ஆமாமா."

"மண்ணு?"

"சில்லுனு கீதுமா. நம்ம ஊரு மாதிரியேதான்."

"ம்" என்றாள் ஹாஜிரா. அந்தப் பக்கம் யாரோ குர்ஆனின் யாசீன் ஓதுவது கேட்டது; பிறகு அது நின்றது. லைன் போய்விட்டதோ என்று அர்ஷத் போனை எடுத்துப் பார்த்து, மறுபடி காதில் வைத்தான்.

"செருப்பு போட்டுக்கினியா?"

"இன்னும் இல்லமா."

"போட்டுக்கடா. காலு சுட்டுடப் போவுது."

அர்ஷத் கீழே பார்த்தான். கால்விரல்களுக்கு நடுவே மண் காய்ந்து ஒட்டியிருந்தது.